புதுச் சப்பாத்தும் பழைய பாதையும்

புதுச் சப்பாத்துக் கடிக்கும் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆயினும், கடிப்பது சப்பாத்தா, அதைப் பழக்காமல் மாட்டிக்கொண்டு புறப்படும் அவசரமா என்று ஆராய்வார் சிலரே. தைப்பவன் பொதுவானதொரு காலை மனத்திற் கொண்டு தோலை வெட்டுகிறான். அதனை நமது காலுக்கு உரியதாக்கிக் கொள்ள வேண்டியவர் நாமே. அதற்கு வழி நடத்தல் ஒன்றுதான். பாதையின் கதையும் இத்தகையதே. மக்கள் நடந்தால் அது பாதை. நடவாது விட்டால் வெறும் புதர். சென்ற இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் மேட்டு நிலமொன்றில் ஒரு பகற்பொழுது நடந்தபோது இவ்விரண்டும் எமக்கு ஒருங்கே விளங்கின.

பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் காண அந்நாட்டுக்குச் சென்றுவரும் நேயர்கள் பலர். கோவில்களையும் கடைகளையும் உறவினர் வீடுகளையும் கண்டு மீள்வதோடு அவர்களது பயணம் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. ஒரு நாளை நாட்டுப்புறத்துக்கென ஒதுக்குவோருக்குப் பயன்படுமென்றே இதனை எழுதுகின்றோம்.

முதலிற் சப்பாத்தைப் பற்றிச் சொல்லிவிடுவோம். காலையில் உள்ள கால் வேறு, மாலையில் உள்ள கால் வேறு. நின்றும் நடந்தும் பொழுதுபட அது சிறிது வீங்கியிருக்கும். ஆகையால் நடைச் சப்பாத்தை மாலையில் வாங்குதலே முறை. நடக்கும்போது அணியும் தடித்த கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டே அளவு பார்த்தல் வேண்டும். விரல்களுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலமாவது இடம் இருக்க வேண்டும். இன்றேல் இறக்கத்தில் நகங்கள் முனையில் மோதிக் கறுத்துப்போகும். குதிக்கால் மட்டும் உள்ளே மேலெழலாகாது. வாங்கியபின் இரண்டு வாரமாவது வீட்டிலும் வீதியிலும் அணிந்து பழக்கல் நன்று. துணி கலந்த இக்காலச் சப்பாத்துகள் விரைவிற் பழகும். முழுத் தோலாலானவைக்குப் பொறுமை வேண்டும்.

கொப்புளம் எங்ஙனம் உண்டாகின்றது? ஈரமும் உராய்வும் சேர்ந்து தோலின் மேற்படைகளைப் பிரிக்கின்றன. பிரிந்த இடையில் நீர் சேருகின்றது. அதற்கு முன்னரே அவ்விடம் சுடத் தொடங்கும். அந்தச் சூடே எச்சரிக்கை. “அடுத்த வளைவிற் பார்ப்போம்” என்று எண்ணாமல் அங்கேயே அமர்ந்து, காலுறையைக் கழற்றி, பிளாஸ்டர் ஒட்டிவிட வேண்டும். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக் கேடு செய்யும், கம்பளியே சிறந்தது.

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்லுதல் எமது கடமை. நீரிழிவு நோய் நம்மவரிடையே மிகுதி. நெடுநாள் நோயினாற் பாதத்தின் உணர்ச்சி மங்கியவருக்கு மேற்சொன்ன சூடு தெரியாது. தெரியாத கொப்புளம் புண்ணாகி, ஆறாத புண்ணாற் காலையே இழந்தோரும் உளர். ஆதலால் அவர்கள் வைத்தியரைக் கேட்ட பின்னரே இத்தகைய நடையை மேற்கொள்ள வேண்டும். நடையின் நடுவில் இரண்டு மூன்று முறை பாதங்களைக் கண்ணாற் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

நாம் சென்ற இடம் மான்செஸ்டருக்கும் ஷெபீல்ட்டுக்கும் இடையிலுள்ள பீக் மாவட்டம். அவ்விரு நகரங்களையும் இணைக்கும் புகையிரதப் பாதையில் ஈடேல் என்னும் சிறு கிராமம் உண்டு. ஸ்கொத்லாந்தின் எல்லைக்கு அப்பால்வரை 268 மைல் செல்லும் பெனைன் வழி என்னும் நெடுநடைப் பாதை இங்கேதான் தொடங்குகின்றது. எம்முடன் வந்தவர் அந்நாட்டிற் குடியேறியுள்ள எமது மருமகன். ஒக்டோபர் மாதக் காலைக் குளிரில் இருவரும் புறப்பட்டோம்.

பள்ளத்தாக்கில் நின்ற பேர்ச் மரங்கள் பொன்னிறம் பூண்டிருந்தன. இலைக்கு இந்நிறம் புதிதாக வருவதன்று. மஞ்சள் முன்னரே இலையில் உள்ளது. பகல் குறுகிக் குளிர் மிகவே பச்சையம் சிதைகின்றது. அதுகாறும் மறைந்திருந்த மஞ்சள் வெளித்தெரிகின்றது. சில மரங்களிற் காணும் சிவப்பு மாத்திரம் அக்காலத்திற் புதிதாக உண்டாவது. மலைச்சரிவெங்கும் பன்னச் செடிகள் செப்பு நிறமாகிக் கிடந்தன.

எமக்கு இவற்றினும் வியப்பளித்தது பாதையே. அது கமக்காரரின் புல்வெளிகளின் நடுவே செல்கின்றது. கல்மதில் குறுக்கிடும் இடங்களிற் கடப்பும் படலையும் அமைத்திருக்கின்றனர். செம்மறிகள் தலையை உயர்த்திப் பார்த்துவிட்டு மீண்டும் மேய்கின்றன. எவரும் வந்து தடுக்கவில்லை. வேலிக்கு உள்ளே ஓரடி வைத்தாலும் “ஆருடைய காணிக்குள்ளே?” என்று கேட்டுப் பழகிய நமக்கு இது புதுமையன்றோ! “நிலம் கமக்காரருடையது; அதன்மேல் நடக்கும் உரிமை ஊராருடையது, மாமா” என்றார் மருமகன். 20 ஆண்டுக் காலம் மக்கள் தடையின்றி, மறைவின்றி, எவரிடமும் அனுமதி கேளாது நடந்துவந்த வழி பொதுப்பாதையென்றே கொள்ளப்படும் என 1932ஆம் ஆண்டின் பாதை உரிமைச் சட்டம் வகுத்தது. அந்த நெறி இன்றும் அங்கு நிலவுகின்றது.

யாக்கோபின் ஏணி என்று பெயர்பெற்ற செங்குத்தான கற்படிகளில் ஏறினால் கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலம் வரும். அதன் உச்சி 2,087 அடி உயரம். மேலே மரமில்லை, கரிய சேற்று நிலமும், பூ வாடிய ஹெதர்ச் செடிகளும், காற்று அரித்த பாறைகளுமே உள்ளன. கிரவுஸ் என்னும் காட்டுக்கோழி எங்களைக் கண்டு எழுந்து கரகரத்த குரலிற் கத்திற்று. “திரும்பிப் போ, திரும்பிப் போ” என்று அது கூறுவதாக அந்நாட்டார் சொல்வர். ஒரு காலத்தில் அங்கு மனிதரும் அதையே கூறினர். அக்கோழிகளைப் பிரபுக்கள் வேட்டையாடுவதற்காக அந்த மேட்டுநிலம் அடைக்கப்பட்டிருந்தது. காவலர்கள் நடப்போரை விரட்டினர்.

பாறை விளிம்பில் நின்று மேற்கே நோக்கினாற் கீழே ஒரு நீர்த்தேக்கம் தெரியும். அதற்கும் அப்பால் உள்ள ஊர் ஹேபீல்ட். 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆந் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, சில நூறு இளைஞர்கள் அவ்வூரிலிருந்து தடையை மீறி இம்மேட்டை நோக்கி நடந்தனர். பெரும்பாலோர் மான்செஸ்டர்ப் பக்கத்துத் தொழிலாளர். முன்னின்ற பெனி ரொத்மனுக்கு அப்போது வயது 20. ஆறு நாள் ஆலைப் புகையை உண்டவர்கள் ஏழாம் நாளில் மலைக்காற்றை நாடியது பெருங் குற்றமாயிற்று. காவலரோடு கைகலப்பு உண்டாயிற்று. அறுவரைப் பொலிசார் கைதுசெய்தனர். ஐவருக்கு இரண்டு முதல் ஆறு மாதம்வரை சிறைத்தண்டனை கிடைத்தது. ரொத்மனுக்கு நான்கு மாதம்.

அந்த ஒரு நாளே எல்லாவற்றையும் மாற்றியது என்று சொல்லுதல் பொருந்தாது. அதற்கு முன்னரே பல்லாண்டுகளாகச் சங்கங்கள் மனுக் கொடுத்தும் வழக்காடியும் வந்தன. அவற்றுட் சில இந்த மீறலை விரும்பவுமில்லை. ஆயினும் தண்டனையின் கடுமை பலரது மனத்தைத் தொட்டது. 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் பீக் மாவட்டமே அந்நாட்டின் முதலாவது தேசியப் பூங்காவாயிற்று. 1965இல் பெனைன் வழி திறக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டின் சட்டம், மேட்டுநிலங்களிற் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமையை அளித்தது. 2002இல், அன்று நிலத்துக்கு உடையவராயிருந்த டெவன்ஷயர்க் கோமகனின் பேரர் பொது மேடையில் மன்னிப்புக் கேட்டார். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே ரொத்மன் காலமாகிவிட்டார்.

பெனைன் வழியிற் சேறு ஆழமான இடங்களிற் பெரிய கற்பலகைகளைப் பரப்பியிருக்கின்றனர். அவற்றுட் பல, மூடப்பட்ட பழைய பஞ்சாலைகளின் தளத்திலிருந்து பெயர்த்து வந்தவை. ஆலைத் தொழிலாளரின் கால்கள் தேய்த்த கற்கள் இன்று அவர்கள் நடக்க விரும்பிய மலையிலே கிடக்கின்றன. அவற்றின் மீது புதுச் சப்பாத்துடன் நடந்தபோது எமது நடை தானாகவே மெதுவாயிற்று.

சப்பாத்தின் அடிக்கும் ஒரு கதையுண்டு. அக்காலத்தவர் ஆணி அறைந்த தோல் அடிகளுடன் நடந்தனர். 1935இல் இத்தாலிய மலையேறியான வித்தாலே பிரமானியின் தோழர் அறுவர் அல்ப்ஸ் மலையில் மாண்டனர். தக்க காலணி இன்மையும் அதற்கொரு காரணமென அவர் கண்டார். வழுக்காத பள்ளங்கள் வெட்டிய இறப்பர் அடியை 1937இல் ஆக்கினார். இன்றைய நடைச் சப்பாத்துகளின் அடிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே.

இறுதியாகச் சில குறிப்புகள். ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று அங்கு கடிகாரத்தை ஒரு மணி பின்தள்ளுவர். அதன்பின் மாலை 5 மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். மேட்டில் மூடுபனி கணத்தில் இறங்கும். ஆகவே வரைபடம், திசையறி கருவி, மின்சூள், மழை அங்கி ஆகியன இன்றிப் போகலாகாது. இறங்குவதற்கு முன் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். படலையைத் திறந்தவர் மூடிச் செல்லுங்கள். உரிமையைக் காப்பது அத்தகைய சிறு மரியாதைகளே. வீடு திரும்பியபின் சேற்றைக் கழுவி, அடுப்பருகில் வையாது நிழலில் உலர்த்துங்கள். நெருப்பின் வெப்பம் தோலை வெடிக்கச் செய்யும். ஈரத்தை உறிஞ்சப் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்தல் நல்ல முறை. வேறு தாள் அகப்படாவிடின் இந்தப் பக்கத்தையே உபயோகிக்கலாம். படித்து முடித்த பின்னராயின் நாம் கோபியோம்.