புகைப் பரிசோதனையில் தவறிய வண்டி

பாளையம்பட்டி முதலிய கரிசற்காட்டு ஊர்களில் கார் வைத்திருப்போர் சிலர், புகைப் பரிசோதனையில் வண்டி தவறியதும், எவ்விதமேனும் சான்றிதழ் பெற வேறிடம் நாடுகின்றனர். சிலர் கிரயம் மிகுந்த காட்டலிடிக் கன்வர்ட்டரை மாற்றிவிடுகின்றனர். இரண்டும் தகா என்பது நம் துணிபு. வோக்ஸ்வாகன் கம்பெனி பரிசோதனையையே ஏமாற்றும் சூழ்ச்சியை வண்டிகளில் அமைத்து 2015-ல் அகப்பட்டது. நாம் பெறும் பொய்ச் சான்றிதழ் அதற்கு இளைத்ததன்று.

நோயின் குறியை எந்திரம் காட்டும் இலக்கங்களே உரைக்கும். பாரத் ஸ்டேஜ் 4 பெட்ரோல் கார், நின்ற இடத்தில் ஓடுங்கால், கார்பன் மோனாக்ஸைட் 0.3 சதவீதத்தையும், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்கையும் மிஞ்சலாகாது. முன்னது மட்டும் மிகுமாயின், காற்றுக்கு ஏற்ற அளவினும் அதிகமாகப் பெட்ரோல் பாய்கின்றதென அறிக. ஆக்ஸிஜன் சென்ஸாரைச் சோதித்தல் வேண்டும். கார்புரேட்டர் பூண்ட பழைய வண்டியாயின் ஏர் பில்டரையே முதலில் நோக்குக. (நமது கோடைப் புழுதிக்கு அது எம்மாத்திரம்!) பின்னது மிகின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க. எஞ்சினில் குற்றமில்லையென்று தெளிந்த பின்னரே கன்வர்ட்டரை ஐயுறலாம். அதுவும் நன்கு சூடேறினாலன்றித் தொழிற்படாது. பாளையம்பட்டியினின்று அருப்புக்கோட்டைக்கு வரும் சிறு ஓட்டம் அதற்குப் போதாது. கால்மணி நேரமேனும் ஓட்டிய பின்னரே குழாயைச் செருகுமாறு கேட்பதில் உடையவர் கூச்சப்பட வேண்டுவதில்லை.