கப்பலேறும் காருக்கு ஒரு நீதி, உள்ளூர்க் காருக்கு ஒரு நீதியா?

அருப்புக்கோட்டை டீக்கடை பெஞ்சில் நடக்கும் கார்ச் சர்ச்சையைத் தோழர்கள் கேட்டிருப்பீர்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் காண்டிராக்ட் வேலைக்குப் போய் லீவில் திரும்பிய பிள்ளைகள்தாம் அதில் முன்னணி. எந்தக் காரின் முகப்பு அழகு, எதற்குப் பிக்கப் அதிகம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு மணி நேரம் வாதம் நடக்கும். நடக்கட்டும். தன் கையால் செய்த பொருளைப் பற்றித் தொழிலாளி பெருமை பேசுவதில் தவறில்லை. ஆனால் மோதினால் உள்ளே இருப்பவன் பிழைப்பானா என்ற பேச்சு மட்டும் அங்கே வருவதேயில்லை.

"நாமா கார் வாங்கப் போகிறோம்?" என்று திருச்சுழி மானாவாரிக் காட்டு விவசாயத் தொழிலாளி கேட்கலாம். வாங்க வேண்டாம். பிரசவ வலி கண்ட பெண்ணை மதுரை ஆஸ்பத்திரிக்கு நள்ளிரவில் எதில் கொண்டுபோகிறோம்? வாடகைக் காரில்தானே!

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்ற ஐந்து சின்னக் கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. மாருதி ஆல்டோ, டாடா நானோ, போர்டு பிகோ, ஹூண்டாய் ஐ10, போக்ஸ்வாகன் போலோ. ஐந்துக்கும் கிடைத்த நட்சத்திரம் பூஜ்யம்! மோதும் கணத்தில் உப்பி, தலையையும் மார்பையும் தாங்கிக்கொள்ளும் ஏர்பேக் பை, சோதித்த ஐந்தில் ஒன்றிலும் இல்லை.

இதில் ஐ10 கதையைக் கேளுங்கள். நம் ஸ்ரீபெரும்புதூரில் செய்து, கப்பலேற்றி ஐரோப்பாவுக்கும் அனுப்பிய வண்டி அது. 2008-ல் ஐரோப்பியச் சோதனையில் அந்த ஐ10 நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஆலை ஒன்று, உழைத்த கையும் ஒன்று. கப்பலேறிய வண்டியில் பை இருந்தது. இங்கே விற்ற மலிவு ரகத்தில் இல்லை. ஏற்றுமதி நூலுக்கு ஒரு தரம், உள்ளூர் நூலுக்கு ஒரு தரம் பார்த்த மில் தொழிலாளிக்கு இந்தச் சூத்திரம் புதிதல்ல. ஆனால் நூல் அறுந்தால் முடிச்சுப் போடலாம். கழுத்து முறிந்தால்?

"இந்தியர்கள் விலை மலிவைத்தான் பார்க்கிறார்கள், பாதுகாப்புக்குக் காசு தரமாட்டார்கள்" என்பது முதலாளிகளின் வாதம். யாரைக் கேட்டார்கள்? விஷயம் அம்பலமானதும் போக்ஸ்வாகன் கம்பெனி, பை இல்லாத போலோவை விற்பதை நிறுத்தி எல்லா ரகத்திலும் இரண்டு பை வைத்தது. அதுவரை முடியாதது அன்று எப்படி முடிந்தது?

சர்க்காரின் வேகத்தையும் சொல்ல வேண்டும். ஓட்டுபவருக்கு ஒரு பை கட்டாயமானது 2019 ஜூலையில்; பக்கத்தில் உட்காருபவருக்கு 2021-ல்! 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையும் கம்பெனி இஷ்டப்பட்டால் வரலாம் என்ற தயவோடுதான் வந்தது.

வண்டியை எப்படிச் செய்வது என்பதில் தொழிலாளிக்கு வாயில்லை. ஆலையை மூடும்போதும் இல்லை. 2021 செப்டம்பர் 9-ந் தேதி, மறைமலைநகர் ஆலையில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாகப் போர்டு கம்பெனி அறிவித்தது. பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டமாம். எந்த வண்டியைச் செய்வது, என்ன விலைக்கு விற்பது என்று தீர்மானித்தவன் மறைமலைநகர்த் தொழிலாளியா? வேலை போனது மட்டும் அவனுக்கு.

டீக்கடைத் தம்பிகளே, அடுத்த தடவை பிக்கப்பைப் பேசி முடித்ததும் இதையும் பேசுங்கள்: எந்த ரகத்தில் எத்தனை பை? மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம்? அந்தப் பையை மாட்டியவன் நிரந்தரத் தொழிலாளியா, காண்டிராக்டா?