பதவி கிடையாது, பொறுப்பு மட்டும் உண்டாம்!

சென்னை மென்பொருள் நிறுவனம் ஒன்றில் அண்மையில் ஒரு பயிற்சி வகுப்பு. 'தலைவராக இருக்கப் பதவி எதற்கு? மனம் இருந்தால் போதும்' என்று பயிற்சியாளர் முழங்க, சனிக்கிழமை விடுமுறையைப் பறிகொடுத்து உட்கார்ந்திருந்த இளைஞர்கள் கைதட்டினார்கள். கல்லூரி வளாகத் தேர்வு வகுப்பு முதல் வாட்ஸ்அப் வரை எங்கும் இதே உபதேசம்தான். கேட்கக் கேட்க எரிச்சல்தான் வருகிறது.

மனம் இருந்தால் போதும் என்பவர்கள் ரோஜர் பாய்ஸ்ஜாலியின் கதையைப் படிக்கட்டும். அமெரிக்காவின் மார்ட்டன் தியோகால் நிறுவனத்தில் அவர் ஒரு பொறியாளர். சேலஞ்சர் விண்கலத்தின் ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையம் அரிக்கப்படுகிறது, உயிர்கள் போகும் என்று 1985 ஜூலையிலேயே எழுத்தில் எச்சரித்தார். 1986 ஜனவரி 27 இரவு, மறுநாள் விண்கலத்தை ஏவலாமா என்று நாசாவுடன் தொலைபேசியில் ஆலோசனை நடந்தது. முந்தைய பயணமொன்றில் வளையத்தைத் தாண்டி வாயு கசிந்து கரி படிந்திருந்த படங்களை எடுத்து மேலதிகாரிகள் முன் வைத்துப் போராடினார். குளிரில் வளையம் விறைத்துவிடும், எனவே 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவக் கூடாது என்பது பொறியாளர்களின் கணக்கு.

மனம் இருந்தது, அறிவு இருந்தது, துணிவும் இருந்தது. முடிவெடுக்கும் உரிமை மட்டும் இல்லை. கடைசியில் நிறுவனத்தின் நான்கு உயரதிகாரிகள் கூடிப் பேசி 'ஏவலாம்' என்றார்கள். பொறியாளர்களிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. மறுநாள் காலை, கிளம்பிய 73 நொடியில் விண்கலம் சிதறியது. ஏழு பேர் மாண்டார்கள்.

ஒப்புதலில் கையெழுத்திட மறுத்த அதே நிறுவனத்தின் ஆலன் மெக்டொனால்டு, விசாரணைக் குழு முன் உண்மையைச் சொன்னதும் பொறுப்பிலிருந்து இறக்கப்பட்டார். அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்ட பிறகே பழைய நிலைக்கு வந்தார். பாய்ஸ்ஜாலியோ சக ஊழியர்களே ஒதுக்க, வேலையை விட்டே போனார். இதற்குமேல் எந்தத் தலைமைப் பண்பை அவர் காட்டியிருக்க வேண்டும்?

டொயோட்டா தொழிற்சாலையில் கடைநிலைத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தியை நிறுத்த முடியும் என்று பயிற்சியாளர்கள் மேற்கோள் காட்டுவார்கள். அந்தக் கயிற்றைக் கட்டியது நிர்வாகம். இழுக்கும் உரிமையைக் கொடுத்ததும் நிர்வாகம். பாய்ஸ்ஜாலியின் கையில் அப்படியொரு கயிறு இல்லை.

நம்மூரில் இந்த உபதேசத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. குழுத் தலைவர் விலகினால் அவர் வேலை ஒரு ஜூனியர் தலையில் விழும். சம்பளம் ஏறாது, பதவியும் மாறாது. கேட்டால் 'தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ள வாய்ப்பு' என்பார்கள். அரசுப் பணியிலும் இதே கதைதான். தமிழக அரசு மருத்துவமனைகளில் நிரந்தரச் செவிலியர் செய்யும் அதே வேலையைத் தொகுப்பூதியத்தில் செய்தவர்கள், பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார வேண்டியிருந்தது. அவர்களிடம் பொறுப்புணர்வுக்கு என்ன குறை?

அடுத்த முறை இந்தப் பாடம் நடத்த யாராவது வந்தால், கைதட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: 'தப்பு நடக்கிறது என்று தெரிந்தால் வேலையை நிறுத்தும் உரிமை எங்களில் யாருக்கு இருக்கிறது? அதை எழுத்தில் தருவீர்களா?'