வேட்டைக்காரர் கட்டிய வரியும் கணக்கில் வராத விலையும்

அமெரிக்காவில் காட்டுயிர்ப் பாதுகாப்பு குறித்துப் பேச்செழும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் முன்வைக்கப்படுகிறது: காட்டுயிர்களைக் காப்பாற்றுவது வேட்டைக்காரர்களும் தூண்டில்காரர்களும் தரும் பணமே. விலங்கைக் கொல்பவரா அதைக் காப்பவர் என்று ஏளனமாகக் கடந்துவிட முடியாது. அந்த வாதத்தில் பெருமளவு உண்மை உண்டு.

1937இல் இயற்றப்பட்ட பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான கலால் வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கென ஒதுக்கியது. நீள்துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் 11 விழுக்காடு; பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட கைத்துப்பாக்கிகளுக்கு 10 விழுக்காடு. 1950இல் டிங்கெல்-ஜான்சன் சட்டம் தூண்டில் கருவிகளுக்கும் அதே முறையை விரித்தது. திட்டச் செலவில் நான்கில் மூன்று பங்கு வரை ஒன்றிய அரசு தருகிறது. மீதியை மாநிலங்கள் பெரும்பாலும் வேட்டை, மீன்பிடி உரிமக் கட்டணத்திலிருந்து ஈடுகட்டுகின்றன. இரு சட்டங்களின் வழியாக இதுவரை 2,000 கோடி டாலருக்கும் மேல் மாநிலங்களுக்குச் சென்றுள்ளது. அருகிவந்த வெண்வால் மானும் காட்டு வான்கோழியும் மீண்டும் பெருகியதில் இந்நிதிக்குப் பங்குண்டு.

வழக்குரைஞராக என்னைக் கவர்ந்தது இதில் உள்ள ஒரு நிபந்தனை. உரிமக் கட்டணத்தை மீன், காட்டுயிர்த் துறைக்கு வெளியே செலவிடுவதைத் தன் சட்டத்தின் மூலம் தடைசெய்யாத மாநிலத்துக்கு இந்நிதியில் பங்கில்லை. துணைத் திட்ட நிதி எங்கெங்கோ திருப்பிவிடப்படுவதைப் பார்த்துச் சலித்த நமக்கு இது பொறாமையூட்டும் ஏற்பாடுதான்.

ஆனால், 'பணம் கட்டுகிறோம்' என்பது 'ஆகவே முடிவெடுக்கும் உரிமையும் எமக்கே' என்று மாறும் இடத்தில் நாம் நிற்க வேண்டியுள்ளது. காட்டுயிர் எந்தத் தனியாருக்கும் சொந்தமல்ல, மக்கள் அனைவரின் சார்பில் அரசு அதைப் பேணுகிறது என்பதே அந்நாட்டுச் சட்டக் கோட்பாடு. 1896 மார்ச்சில் கீர் எதிர் கனெக்டிகட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தியது. அதே ஆண்டு மே மாதம், 1868ஆம் ஆண்டு ஒப்பந்தம் பானாக் பூர்வகுடியினருக்கு உறுதியளித்திருந்த வேட்டை உரிமை, வயோமிங் மாநிலமானதோடு முடிந்துவிட்டது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'மக்கள் அனைவர்' என்பதில் யார் அடக்கம் என்ற கேள்விக்கு மூன்றே மாதத்தில் விடை கிடைத்துவிட்டது! குடியுரிமை பெறாத வெளிநாட்டவர் வேட்டையாடுவதையும், நீள்துப்பாக்கி வைத்திருப்பதையும் 1909இல் பென்சில்வேனியா தடைசெய்தது. இத்தாலியப் புலம்பெயர்ந்தவர் ஒருவர் தொடுத்த வழக்கில் அத்தடையும் 1914இல் செல்லுபடியானது.

இழந்ததை மீட்கப் பல பத்தாண்டுகள் ஆயின. வாஷிங்டன் மாநிலப் பூர்வகுடியினருக்குப் பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை உரியது என்று 1974இல் நீதிபதி போல்ட் தீர்ப்பளித்தபோது, கடுமையாக எதிர்த்தவர்களில் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களும் இருந்தனர். மாநிலமானதால் ஒப்பந்த வேட்டை உரிமை அழியாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2019இல், ஹெரேரா எதிர் வயோமிங் வழக்கில். அதுவும் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில்.

வரி கட்டியவர் யார் என்று பார்த்தாலும் அந்த வாதம் முழுமையாக நிற்பதில்லை. துப்பாக்கி வைத்திருப்போரில் வேட்டைக்காரர்கள் சிறுபான்மையினரே. தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வாங்கி, காட்டுப் பக்கமே போகாதவரின் பணமும் இந்நிதியில் கலந்திருக்கிறது. பூர்வகுடி ஒருவர் கடையில் துப்பாக்கியோ தூண்டிலோ வாங்கினால் அதன் விலைக்குள்ளும் அதே வரி இருக்கிறது. ஆனால் அந்நிதியைப் பங்கிடும் பட்டியலில் மாநிலங்களும் அமெரிக்க ஆட்சிப்புலங்களும்தான் உண்டு. பரந்த நிலங்களிலும் நீர்நிலைகளிலும் காட்டுயிரைப் பராமரிக்கும் பூர்வகுடி அரசுகள் இல்லை. தனியாக அறிவிக்கப்படும் மானியங்களுக்கு அவை ஒன்றோடொன்று போட்டியிட வேண்டும். ஏற்கெனவே நிலத்தையும் நீரையும் விட்டுக்கொடுத்தவர்கள், வரியையும் கட்டிவிட்டு மனு எழுதிக் காத்திருக்கிறார்கள்.

இவர்களுக்கு ஆண்டுதோறும் 9.75 கோடி டாலர் ஒதுக்க வகைசெய்த 'அமெரிக்காவின் காட்டுயிர் மீட்புச் சட்ட' முன்வரைவு 2022 ஜூனில் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது. அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்ற தகராறில் செனட்டில் வாக்கெடுப்புக்கே வராமல் அது காலாவதியானது.