வாத்துத் தீவனத்தில் என்சைம்: மிச்சம் யாருக்கு?

கோழித் தீவனத்தில் பல ஆண்டுகளாகக் கலக்கப்படும் என்சைம் பொடியை வாத்துத் தீவனத்திலும் கலக்கலாம் என்று கால்நடை விஞ்ஞானம் சொல்கிறது. தீவனச் செலவு குறையும், வாத்தின் எலும்பு உறுதிப்படும் என்கிறார்கள். நல்லது. விஞ்ஞானம் தரும் எந்த நன்மையையும் நாம் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் மிச்சம் என்று ஒன்று வந்தால் அது யார் மடியில் விழுகிறது என்று கேட்பது உழைக்கிறவர்களின் உரிமை. அந்தக் கேள்வியைத்தான் நாம் கேட்கிறோம்.

மதுரைச் சீமையில் வாத்து எப்படி வளர்கிறது? பெரியாறு, வைகைத் தண்ணீரை நம்பி வளர்கிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை சுமார் 45 ஆயிரம் ஏக்கர் இருபோகம். மேலூரிலும் திருமங்கலத்திலும் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் ஒருபோகம். அறுவடை முடிந்ததும் தாளடியில் வாத்துக் கூட்டம் இறங்குகிறது. சிந்திய நெல், நத்தை, புழு, பூச்சி எல்லாம் அதற்குத் தீவனம். வயலுக்கோ வாத்தின் எச்சம் உரம். வாத்தை ஓட்டி வருகிறவர்கள் வெயிலிலும் பனியிலும் வரப்பிலேயே வாழ்கிறார்கள். இரவில் வலைகட்டிப் பட்டி போட்டுக் காவல் காக்கிறார்கள். ஒரு வட்டாரம் முடிந்ததும் அடுத்த அறுவடையைத் தேடிப் புறப்படுகிறார்கள்.

இதெல்லாம் அறுவடைக் காலத்துக் கதை. அணையில் தண்ணீர் குறைந்து நடவு தள்ளிப்போனால் என்ன செய்வது? ஒருபோக நிலம் காய்ந்து கிடக்கும் மாதங்களில் என்ன செய்வது? வாத்து பட்டினி கிடக்காது. கிடந்தால் முட்டை நின்றுவிடும். அப்போது தவிடு வாங்க வேண்டும், மக்காச்சோளம் வாங்க வேண்டும், பிண்ணாக்கு வாங்க வேண்டும். அடைத்து வளர்க்கும் கோழிக்கும் வாத்துக்கும் ஆகிற செலவில் நூற்றுக்கு அறுபது, எழுபது பங்கு தீவனத்துக்கே போகிறது. அந்தக் காலத்து ஏழைகளுக்கு ஊர் அரைவை மில்லில் தவிடு மலிவாகக் கிடைத்தது. இப்போது பெரிய அரிசி ஆலைத் தவிடு எண்ணெய் எடுக்கப் போகிறது. எண்ணெய் எடுத்த சக்கைத் தவிடுதான் தீவனத்துக்குத் திரும்பி வருகிறது. இந்த இடத்தில்தான் என்சைம் பேச்சு வருகிறது.

என்சைம் என்றால் என்ன? நொதி என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். ஏதோ மந்திர மருந்து அல்ல. வெறும் சோற்றை வாயில் போட்டு நெடுநேரம் மென்று பாருங்கள், இனிக்கும். எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. துணி ஆலைத் தோழர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். தறியில் பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்க அதற்குக் கஞ்சி ஏற்றுகிறார்கள். நெய்த பிறகு கஞ்சியைக் கழற்ற, அமிலேஸ் என்ற என்சைம் கலந்த நீரில் துணியை ஊற வைக்கிறார்கள். கஞ்சி கரைகிறது, நூலுக்குச் சேதம் இல்லை. ஒவ்வொரு நொதியும் ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. தன் பூட்டைத் திறக்கும், மற்றதைத் தொடாது.

தவிட்டில் உள்ள பூட்டு எது? நெல் தவிட்டில் நூற்றுக்குச் சுமார் ஒன்றரைப் பங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. எலும்புக்கும் உடல் வளர்ச்சிக்கும் முட்டைக்கும் அது வேண்டும். ஆனால் அதில் ஐந்தில் நான்கு பங்கு பைட்டேட் என்ற கூட்டுப் பொருளுக்குள் அடைபட்டிருக்கிறது. அதைத் திறக்கப் போதுமான நொதி வாத்தின் குடலில் இல்லை. கோழியின் குடலிலும் இல்லை. ஆகவே தவிட்டில் இருக்கும் செல்வம் எச்சமாக வெளியே போகிறது. போதாக்குறைக்கு டைகால்சியம் பாஸ்பேட் என்ற டி.சி.பி.யைக் காசு கொடுத்து வாங்கிப் போடுகிறோம். அதன் மூலப்பொருளான பாறைப் பாஸ்பேட்டில் பெரும்பங்கு ஜோர்டான், மொராக்கோ போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. வீட்டில் இருக்கும் பொருளைக் குப்பையில் கொட்டிவிட்டு, அதே பொருளைக் கடல் கடந்து விலைக்கு வாங்கும் கதை இது!

இந்தப் பூட்டைத் திறக்கும் நொதியின் பெயர் பைட்டேஸ். 1907-ல் ஜப்பானிய விஞ்ஞானி சுசூகியும் அவருடைய சகாக்களும் இதைக் கண்டு சொன்னார்கள். எதில் கண்டார்கள்? நெல் தவிட்டில்! நம் ஊர்த் தவிட்டிலும் கொஞ்சம் இருக்கிறது. போதிய அளவு இல்லை, அவ்வளவுதான். கேழ்வரகை ஊற வைத்து முளைகட்டினால் சத்துக் கூடும் என்று நம் தாய்மார்கள் சொல்வதிலும் இதே சங்கதி இருக்கிறது: முளைவிடும் தானியத்தில் இந்த நொதி வேலை செய்யத் தொடங்குகிறது. பூஞ்சையையும் நுண்ணுயிரையும் பெரிய தொட்டிகளில் வளர்த்து, பைட்டேஸைப் பொடியாக்கி வியாபாரத்துக்குக் கொண்டுவந்தது 1991-ல்தான். நெதர்லாந்தில் பன்றி, கோழிப் பண்ணைகளின் கழிவால் மண்ணிலும் நீரிலும் பாஸ்பரஸ் மிதமிஞ்சிச் சேர்ந்தது. சர்க்கார் சட்டம் போட்டு நெருக்கியது. அதன் பிறகே கம்பெனிகளுக்கு அக்கறை பிறந்தது. எண்பது ஆண்டுக்கு மேல் அறிவு ஏட்டில் தூங்கியது. சட்டம் தட்டியதும் எழுந்தது!

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். கிராமுக்கு 5,000 எப்.டி.யு. வீரியமுள்ள பைட்டேஸ் என்றால் ஒரு டன் தீவனத்துக்கு 100 கிராம் வழக்கமான அளவு. எப்.டி.யு. என்பது இந்த நொதியின் வீரியத்தை அளக்கும் அலகு. அந்த 100 கிராம், டன்னுக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ டி.சி.பி. செய்யும் வேலையைச் செய்கிறது. சைலனேஸ் என்ற இன்னொரு நொதி தவிட்டின் நார்ச்சுவரை உடைத்து, உள்ளே கிடக்கும் மாவுச்சத்தையும் புரதத்தையும் வாத்துக்குக் கிடைக்கச் செய்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொடியையும் போட்டு, டி.சி.பி.யையும் பழையபடி போட்டால் மிச்சம் எங்கிருந்து வரும்? செலவுதான் கூடும். தீவனக் கலவையைத் திருத்திப் போட்டால்தான் லாபம். அதற்குத் தவிட்டின் தன்மை தெரிய வேண்டும், கணக்குத் தெரிய வேண்டும், தராசு வேண்டும். பெரிய கம்பெனியிடம் சோதனைச் சாலை இருக்கிறது. வரப்பில் படுத்துறங்கும் வாத்துக்காரரிடம் என்ன இருக்கிறது? அவருக்குக் கிடைப்பது பொட்டலமும் கடனும்தான். பொட்டலத்தின் மேல் வீரியம் எத்தனை அலகு என்று அச்சிடாமல், "வாத்து கொழுக்கும்" என்று மட்டும் எழுதி யாராவது விற்றால் அதை வாங்காதீர்கள்.

வாத்து வளர்க்கும் தோழர்கள் இன்னும் சிலவற்றை மனதில் வைக்க வேண்டும். தாளடியில் நத்தையும் நெல்லும் மேயும் வாத்துக்கு இந்தப் பொடி அவசியமில்லை; பட்டியில் அடைத்துத் தவிடு போடும் காலத்துக்குத்தான் இது. நூறு கிலோ தீவனத்துக்குப் பத்துக் கிராம்தான் வேண்டும். அதை அப்படியே தூவினால் ஒரு வாத்துக்குக் கிடைக்கும், ஒன்பது வாத்துக்குக் கிடைக்காது. முதலில் ஒரு கிலோ தவிட்டில் கலந்து, பிறகு பத்துக் கிலோவில் கலந்து, அப்புறம் முழுவதிலும் கலக்க வேண்டும். கொதிக்கும் கஞ்சியில் போட்டால் நொதி செத்துவிடும். வெயிலிலும் ஈரத்திலும் பொட்டலத்தை வைத்தால் வீரியம் போய்விடும். பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கை இந்தப் பொடி நல்லதாக்காது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கின் பூஞ்சை நஞ்சே காரணம் என்று பிறகு தெரிந்தது. அப்லாடாக்சின் என்ற அந்த நஞ்சுக்கு மற்றெல்லாப் பறவைகளையும் விட வாத்துக் குஞ்சு சீக்கிரம் பலியாகும். பிண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று ஏமாறக் கூடாது.

இனி நம் கேள்வி: மிச்சம் யாருக்கு? கறிக்கோழியைப் பாருங்கள். பல்லடம் பக்கத்தில் தோன்றிப் பரவிய ஒப்பந்த வளர்ப்பில் குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்து கம்பெனியுடையது. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், இரவு பகலான உழைப்பு ஆகியவை மட்டும் விவசாயியுடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. தீவனத்தில் ஐந்து கிலோ டி.சி.பி. மிச்சமானால் அந்த மிச்சம் தீவனத்துக்குச் சொந்தக்காரன் பையில்தான் போகும். வாத்தும் நாளை அந்த வழியில் போனால் இதே கதைதான் நடக்கும்.

வாத்து மேய்க்கிற கூலி ஆளின் நிலை என்ன? வாத்துக்கு எந்தச் சத்து எத்தனை கிராம் வேண்டும் என்று அளக்கத் தராசு கண்டுபிடித்திருக்கிறார்கள். மேய்க்கிறவன் வயிற்றுக்கு எவ்வளவு என்று எந்தத் தராசு அளந்தது? முன்பணம் கொடுத்து, அதற்கு ஈடாக ஏழைகளின் பிள்ளைகளை வாத்து மேய்க்க நிறுத்தும் கொடுமை தமிழ்நாட்டில் இன்னும் ஒழியவில்லை. 2025 மே மாதம் வெளிவந்த செய்தி நம் நெஞ்சைப் பிளந்தது. பட்ட கடனுக்காக வாத்து மேய்க்க நிறுத்தப்பட்ட ஆந்திரப் பழங்குடிச் சிறுவன் ஒருவன் இறந்தான். தாய்க்குத் தெரியாமல் புதைக்கப்பட்ட அவன் உடல் காஞ்சிபுரம் அருகே தோண்டி எடுக்கப்பட்டது. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் செல்லாது. மீட்க வேண்டிய பொறுப்பு கலெக்டருக்கு உண்டு. சட்டம் வந்து ஐம்பது ஆண்டு ஆகியும் பிள்ளைகள் வரப்பில் நிற்கிறார்கள் என்றால் குற்றம் யாருடையது?

ஆகவே நாம் என்சைமுக்கு எதிரி அல்ல. தவிட்டில் பூட்டிக் கிடக்கும் சத்தை விடுவிக்கும் அறிவு மனித குலத்தின் சொத்து. அது கண்மாயில் சேரும் கழிவையும் குறைக்கிறது. வெளிநாட்டுக்குப் போகும் பணத்தையும் குறைக்கிறது. அந்த அறிவு உழைக்கிறவர்கள் கைக்கு வர வேண்டும் என்பதே நம் வாதம்.

அதற்கு வழி இருக்கிறது. கறவை மாட்டுக்கு ஆவின் கூட்டுறவு தீவனம் தயாரித்துக் கொடுக்கிறது. ஈரோட்டில் அதற்கு ஆலை இருக்கிறது. மாட்டுக்கு முடிந்தது வாத்துக்கு ஏன் முடியாது? மேலூரிலும் வாடிப்பட்டியிலும் வாத்து வளர்ப்போர் கூட்டுறவு அமைத்து, மொத்தமாகத் தவிடு வாங்கி, சரியான கலவையில் நொதி சேர்த்து, அடக்க விலைக்குக் கொடுக்கச் சர்க்கார் உதவட்டும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தவிட்டைச் சோதித்துக் கலவைக் கணக்கைத் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். பொட்டலம் ஒவ்வொன்றிலும் வீரியமும் தயாரித்த தேதியும் தமிழில் அச்சாகட்டும். வாத்து மேய்க்கும் கூலிக்குக் குறைந்தபட்ச ஊதியம் நடைமுறைக்கு வரட்டும். பட்டி இறங்கும் ஊர்களில் அதிகாரிகள் வந்து, பிள்ளைகள் யாராவது வேலைக்கு நிற்கிறார்களா என்று பார்க்கட்டும்.

இது அதிகாரிகள் வேலை மட்டுமல்ல. நம் ஊர் வயலில் வாத்துப் பட்டி இறங்கினால் விவசாயத் தொழிலாளத் தோழர்கள் போய் விசாரியுங்கள். வாத்தோடு நிற்பது பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளையானால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தகவல் கொடுங்கள். ஊர் திரும்பும் ஆலைத் தோழர்களும் இதைக் கவனியுங்கள். தவிட்டின் பூட்டைத் திறக்க விஞ்ஞானம் சாவி செய்துவிட்டது. கடன் பூட்டைத் திறக்கும் சாவி நம் சங்கத்தின் கையில்தான் இருக்கிறது.