பாட்டு வேறு, பிளேயர் வேறு!

பாட்டு கேட்கத்தான் மொபைல் போன் இருக்கிறதே, தனியாக எம்பி3 பிளேயர் எதற்கு என்று பலர் கேட்கின்றனர். 2001ல் அறிமுகமான ஐபாட் வரிசையையே ஆப்பிள் நிறுவனம் 2022ல் நிறுத்திவிட்டது. ஆனாலும் கையடக்க பிளேயரைத் தேடுபவர்கள் இருக்கத்தான் செய்கின்றனர். போன் திரையைத் தொட்டுப் பழகாத முதியவர்கள், பிள்ளைகள் கையில் போனைக் கொடுக்க விரும்பாத பெற்றோர், நடைப்பயிற்சியின்போது யாரும் அழைக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் எனப் பலர். இவர்களுக்கு விலை குறைந்த பிளேயரே போதும். ஆனால் எதைப் பார்த்து வாங்குவது?

கடைக்காரர் ஜிபி கணக்கைச் சொல்வார். அட்டைப் பெட்டி வீடியோ, கேம்ஸ், இ-புக் என்று பட்டியல் போடும். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். பிளேயர் கெட்டுப்போனால், அதில் உள்ள பாடல்களை எளிதாக வெளியே எடுக்க முடியுமா? முடியும் என்றால் வாங்கலாம். முடியாது என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

விலை குறைந்த சாதனம் என்றைக்காவது கெடத்தான் செய்யும். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி நாளாக ஆக சக்தியை இழக்கும். பட்டன் தேயும். இயர்போன் செருகும் இடம் தளர்ந்து போகும். ரிப்பேர் செய்யும் செலவில் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம். பிளேயரைத் தூக்கிப் போடலாம்; பாடல்களை அப்படித் தூக்கிப் போட முடியுமா?

கார்டு போடும் இடம் இருக்கிறதா?

எனவே மைக்ரோ எஸ்.டி. கார்டு போடும் வசதி உள்ள பிளேயரையே நான் சிபாரிசு செய்வேன். உள்ளே இருக்கும் மெமரி குறைவாக இருந்தாலும் கவலை இல்லை. பிளேயர் கெட்டால் கார்டைக் கழற்றி வேறொன்றில் போட்டுக் கொள்ளலாம். கார்டு கெட்டால் கார்டை மட்டும் மாற்றலாம்.

பெட்டியில் அச்சிட்ட ஜிபியை அப்படியே நம்பவும் கூடாது. எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், காலமான பாட்டி பாடிய தாலாட்டுகளைப் பழைய கேசட்டிலிருந்து எம்பி3 பைல்களாக மாற்றினார்கள். 64 ஜிபி என்று விற்கப்பட்ட ஒரு பிளேயரில், ஏற்கனவே இருந்த சினிமாப் பாடல்களோடு இவற்றையும் காப்பி செய்தார்கள். வேலை முடிந்தது என்று கேசட்டைத் தூக்கிப் போட்டார்கள். கம்ப்யூட்டரில் இருந்த பைல்களையும் அழித்தார்கள். பிளேயரில் பைல்களின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. பாட்டிதான் பாடவில்லை. சோதித்துப் பார்த்தபோது அதில் உண்மையாக இருந்தது 8 ஜிபி மட்டுமே.

இது எப்படி நடக்கிறது? மெமரியைக் கட்டுப்படுத்தும் சிப்பை, அதிக இடம் இருப்பதாகக் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி மாற்றிவிடுகின்றனர். உண்மையான இடம் நிரம்பிய பின் காப்பி செய்பவை எங்கும் பதிவாவதில்லை. அல்லது பழைய பைல்களின் மேலேயே எழுதப்படுகின்றன. எந்த எச்சரிக்கையும் வராது. போலி மெமரி கார்டுகளிலும் இதே மோசடிதான்.

இதைக் கண்டறிய எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச விண்டோஸ் புரோகிராம் இருக்கிறது. மெமரி முழுவதும் எழுதி, மீண்டும் படித்துப் பார்த்து, உண்மை அளவைச் சொல்லிவிடும். புதிய பிளேயரையோ கார்டையோ முதல் நாளே, பாடல்களைப் போடும் முன், இதில் சோதித்துவிடுங்கள். 8 ஜிபி கார்டை விண்டோஸ் சுமார் 7.4 ஜிபி என்று காட்டினால் பயப்பட வேண்டாம். அது கணக்கிடும் முறையில் உள்ள வேறுபாடுதான்.

கேபிளை இணைத்தால் போதுமா?

அடுத்து, யு.எஸ்.பி. கேபிளில் இணைத்தவுடன் பிளேயர் ஒரு பென் டிரைவைப் போலக் கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும். ஐபாடில் பாட்டு ஏற்ற ஐட்யூன்ஸ் தேவைப்பட்டது. ஏற்றிய பாடல்கள் மறைக்கப்பட்ட போல்டர் ஒன்றில், புரியாத நான்கு எழுத்துப் பெயர்களில் போய் உட்காரும். அதன் அழகையும் ஒலியையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் பாட்டைத் திரும்ப எடுக்க நாமே திண்டாடுவது எனக்குச் சம்மதம் இல்லை.

பாட்டு உங்களுடையதுதானா?

போனில் மாதச் சந்தா கட்டி டவுண்லோட் செய்த பாடல்களைப் பிளேயருக்கு மாற்றலாம் என்று சிலர் நினைக்கின்றனர். முடியாது. ஸ்பாட்டிபை போன்றவற்றில் டவுண்லோட் செய்தவை அந்த அப்ளிகேஷனுக்குள் மட்டுமே பாடும். அதிலும் 30 நாட்களுக்கு ஒரு முறையாவது இணையத்தில் இணைய வேண்டும். எனவே உங்களிடம் இருக்கும் ஆடியோ சிடிக்களைத் தூசி தட்டி எடுங்கள். விண்டோஸ் மீடியா பிளேயரில் உள்ள ரிப் வசதியில் அவற்றை எம்பி3 ஆக மாற்றிக் கொள்ளலாம். எம்பி3க்கான உரிமம் வழங்கும் திட்டத்தை ஜெர்மனியின் பிரான்ஹோபர் நிறுவனம் 2017லேயே முடித்துக் கொண்டது. எந்தச் சாதாரண பிளேயரும் இந்த பைல்களை இயக்கும்.

எவ்வளவு ஜிபி வேண்டும்?

128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 1 எம்பி இடம் போதும். ஐந்து நிமிடப் பாடல்கள் என்றால் 8 ஜிபியில் சுமார் 1,600 பாடல்கள் அடங்கும். உயர்ந்த தரமான 320 கேபிபிஎஸ் என்றால் 650க்கு மேல் வரும். தினமும் 20 பாடல்கள் கேட்டாலும் ஒரு மாதத்திற்குத் தாங்கும். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகளைப் பல சிறிய பிளேயர்கள் ஏற்பதில்லை. வாங்கும் முன் பெட்டியில் பார்த்துக் கொள்ளுங்கள்.

வீடியோவுக்கும் டச் ஸ்கிரீனுக்கும் தரும் பணத்தை நல்ல இயர்போனுக்குத் தாருங்கள். கேட்கும்போது தெரியும் வித்தியாசம் அங்கேதான் அதிகம். அதற்கு வழக்கமான 3.5 மிமீ ஜாக் இருக்க வேண்டும். எப்.எம். ரேடியோ இருந்தால் நல்லது. இயர்போன் வயரே அதற்கு ஆன்டெனாவாகிவிடும்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னும் ஒன்று. மலிவான பிளேயர்கள் பலவற்றில் தமிழ்ப் பெயர்கள் வெறும் கட்டங்களாகத் தெரியும். கடையிலேயே தமிழ்ப் பெயருள்ள பைல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால், பைல் பெயர்களை ஆங்கில எழுத்துக்களில் 01, 02 என எண்ணோடு அமைக்கலாம். சில பிளேயர்கள் காப்பி செய்த வரிசையில்தான் பாடும் என்பதால், அதே வரிசையில் காப்பி செய்வது நல்லது.

எந்த பிளேயர் வாங்கினாலும், எல்லாப் பாடல்களின் ஒரு பிரதி கம்ப்யூட்டரிலோ வேறொரு டிரைவிலோ இருக்கட்டும். சினிமாப் பாட்டு போனால் இன்னொரு சிடியில் கிடைக்கும். வீட்டுப் பெரியவர்களின் குரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.