கோர்ஸ் மாறினால் உதவித்தொகையும் மாறும்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். குமணன்சாவடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுக்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மாவும் மகளும். மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள்.

"அஞ்சல் வழியில பி.காம். போட்டுடுங்க தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்ல வேலைக்குப் போய்க்கிட்டே படிச்சிடுவா" என்றார் அம்மா.

மகள் மெதுவாகக் கேட்டாள்: "அதுல மாசம் ஆயிரம் ரூபாய் வருமாண்ணா?"

வராது. நம்மில் பலருக்கும் தெரியாத விஷயம் இதுதான். உதவித்தொகைக்கு மார்க்கும் வருமானமும் மட்டும் போதாது. எந்தப் படிப்பு, அதில் எந்த வழியில் சேர்கிறோம் என்பதும் முக்கியம்.

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்று வந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஐ.டி.ஐ., டிப்ளமோ, கலை அறிவியல், நர்சிங், இன்ஜினீயரிங் எல்லாம் இதில் அடங்கும். தொலைதூரக் கல்வியும் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் படிப்பும் அடங்காது. மூன்று வருடப் படிப்பு என்றால் 36,000 ரூபாய் கைவிட்டுப் போகும்.

இன்ஜினீயரிங் ஆசை இருந்தால் இன்னும் கவனம் தேவை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்வி, விடுதிக் கட்டணங்களை 2021 முதல் அரசே ஏற்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை கல்விக் கட்டணச் சலுகை உண்டு. இரண்டுக்குமே கவுன்சலிங் வழியாகச் சேர வேண்டும். 'இப்பவே சீட் உறுதி' என்று யாரோ சொன்னதை நம்பி மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டினால் இரண்டும் போய்விடும்.

இதையெல்லாம் சொன்னதும் அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார். "வேலைக்குப் போனா ஆயிரத்தைவிட அதிகமா வருமே தம்பி?"

நியாயமான கேள்வி. ஆயிரம் ரூபாய் சம்பளத்துக்கு ஈடாகாது. ஆனால் அரசு கலைக் கல்லூரியில் கட்டணம் குறைவு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஷிப்ட் முறை உள்ள கல்லூரி கிடைத்தால் மீதி நேரத்தில் பகுதிநேர வேலையும் பார்க்கலாம். அந்த ஆயிரம் மற்ற ஸ்காலர்ஷிப்புகளோடு சேர்த்தே கிடைக்கும். கூட்டிப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வரும்.

"அவங்க அப்பாகிட்ட கேட்டுட்டு வர்றோம்" என்றார் அம்மா. அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தின் கடைசித் தேதியை மகள் போனில் குறித்துக்கொண்டாள்.

உங்கள் வீட்டிலும் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால், ஃபீஸ் கட்டும் முன் கல்லூரியில் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் படிப்புக்கு உதவித்தொகை உண்டா? நான் சேரும் கோட்டாவுக்கும் அது பொருந்துமா? விண்ணப்பிக்க உதவும் பொறுப்பாளர் யார்? வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைத்துவிட்டீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதிகள் மாறக்கூடியவை. அதனால் இந்த வருட விதியையே கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கிடைத்தது என்பதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.